கண்டக்டரின் மதியக் கஞ்சி

குர்ஷித் பேகம் பொறுப்பில் இருக்கும் வீட்டில் சண்டைச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில், பேருந்துகள் ஹாரன் அடித்துத் திரும்பும் வளைவில் அந்த வீடு இருக்கிறது. பன்னிரண்டு கட்டில்கள். பன்னிரண்டிலும் தானாக எழுந்து நடமாட முடியாதவர்கள். அவர்களைக் குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க ஏழு பெண்கள். ஏழு பேருக்கும் மேலே குர்ஷித். வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் வலிப்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கணவர் இறந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு. இரண்டு பெண் பிள்ளைகள். ஆஸ்பத்திரி ஆயாவாகச் சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல், மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, நோயாளிகளைப் பராமரிக்கும் ஆறு மாதப் பயிற்சியை முடித்தார். பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வை வேலை. அங்கே அவர் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. "சரிக்கா, சரிக்கா" என்றுதான் இருக்கும். அமைதியான இடம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள்.

அங்கே சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மாவுக்குக் குதிகாலில் புண் வந்தது. மேல்புண்தான், கட்டிவிடு என்றார் குர்ஷித். கட்டு மாற்றிய பெண்ணுக்கு இரண்டாம் நாளே வாடை தெரிந்தது. அக்காவே சொல்லிவிட்டாரே என்று பேசாமல் இருந்தாள். ஒன்பதாம் நாள் அந்த அம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று குர்ஷித் கேட்டதற்கு, "நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான்க்கா" என்றாள் அந்தப் பெண்.

செம்பட்டி சாலை வீட்டுக்கு வந்தபிறகு, ஆள் எடுக்கும்போது எதிர்த்துப் பேசும் வாயாகப் பார்த்தே எடுத்தார். அம்பிகாவும் நர்கீஸும் அப்படி வந்தவர்கள். அம்பிகா சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண், இருபத்தொன்பது வயது, நர்சிங் டிப்ளமோ படித்தவள். நர்கீஸ் பேகம்பூர்க்காரி, நாற்பத்தைந்து, எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் பதினெட்டு வருடமாகப் படுக்கையில் கிடப்பவர்களோடுதான் இருக்கிறாள்.

இந்த முறை சண்டை மூன்றாம் கட்டிலைப் பற்றி.

மூன்றாம் கட்டிலில் பொன்னுத்துரை. எழுபத்தாறு வயது. வத்தலக்குண்டு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வெளியே ஹாரன் கேட்டால் மட்டும் தொண்டை திறக்கும். "செம்பட்டி! செம்பட்டி எறங்கு!" என்று கூரை அதிரும். எதிர்க் கட்டில் அழகம்மாளின் மகள் இரண்டு தடவை புகார் சொல்லி, மதிய நேரத்துக் கத்தலை மட்டுமாவது குர்ஷித் ஒரு வழியாக அடக்கி வைத்திருந்தார்.

புதன்கிழமையிலிருந்து பொன்னுத்துரைக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மருத்துவர் வந்து முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். கஞ்சி கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்குகிறது போலிருக்கிறது, நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்திருக்கிறது என்றார். ஊசி எழுதிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை மகன் வர்றப்ப முடிவு பண்ணிடலாம். வாயால முடியாதுன்னா மூக்கு வழியா டியூப்தான். நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க."

அவர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னிக்கே டியூப் போட்டிருக்கணும்க்கா" என்றாள் அம்பிகா. "மூணு நாளாச் சொல்றேன். ஊட்டுற கஞ்சி நுரையீரலுக்குப் போகுது."

"நீ உள்ள போயிப் பாத்தியா?" என்றாள் நர்கீஸ். "காலையில ஒரு கிண்ணம் கேப்பைக் கஞ்சிய சொட்டு சிந்தாம முழுங்குறாரு மனுசன். மூக்குல குழாயச் சொருகினா அன்னிக்கே புடுங்கி எறிவாரு. உடனே கையக் கட்டுவ. கையக் கட்டிப் போட்டா முதுகு வெந்து புண்ணாயிரும். நான் எம்புட்டுப் பாத்திருக்கேன்."

"நீங்க பாத்ததெல்லாம் புஸ்தகத்துல இல்லக்கா."

"புஸ்தகத்துக்கு வாய் கிடையாதுடி. இவருக்கு இருக்கு."

"செத்துட்டாருன்னா யாரு பதில் சொல்றது? உங்க வாயா?"

வீட்டை நடத்தும் ஆனந்த்ராஜ் அலுவலக அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் போன். குர்ஷித்தை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பேகம்மா, திருப்பூர்ல இருந்து அவரு மகன் கமலக்கண்ணன் பேசுனாரு. பேசிக்கிட்டு இருக்கும்போதே பின்னாடி இதுக ரெண்டும் கத்துது. 'என்ன பண்றதுன்னு உங்க ஆளுகளுக்கே தெரியல போலயே'ங்கிறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

"உண்மைதான சார். இன்னும் தெரியலதான்."

"அது அவரு காதுல விழணுமா? ஞாயித்துக்கிழமை அவரு வரும்போது இங்க ஒரே பேச்சு இருக்கணும். டியூப்புன்னா டியூப்பு, வாயின்னா வாயி. எவ சொன்னது தப்போ அவளை அனுப்பிருங்க. பேரை மட்டும் எனக்குச் சொல்லுங்க. நித்தம் பஞ்சாயத்து பண்ண நம்மால ஆகாது."

அன்றைக்குச் சாயங்காலமும் காய்ச்சல் வந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே குர்ஷித் யோசித்தார். வாய்ப் பக்கம் நின்று அது தப்பாகிப் போனால் பொன்னுத்துரை நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போவார். குழாய்ப் பக்கம் நின்று அது தப்பாகிப் போனால், விழுங்கத் தெரிந்த மனிதரின் வாயை மூடிய பாவம் வரும். இந்த வயதில் விழுங்குவதை நிறுத்தியவர்கள் திரும்பப் பழகுவது அபூர்வம். குர்ஷித்தின் மனது ஏற்கெனவே அம்பிகா பக்கம் சாய்ந்திருந்தது. குழாய் போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மகனும் ஆனந்த்ராஜும் நிம்மதியாக இருப்பார்கள். தானும் தூங்கலாம். அந்தக் கடைசிக் காரணம்தான் உறுத்தியது. குதிகால் புண்ணைப் பார்த்து மேல்புண் என்று சொன்ன நாளிலும் அவருக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது.

மருத்துவருக்குப் போன் போட்டு ஒரு நாள் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டார். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியாக, சின்னக் கரண்டியில் கொடுக்கலாம், மூச்சு லேசாக மாறினாலும் நிறுத்திவிட வேண்டும் என்றார் அவர்.

"நாளைக்கு அம்பிகா ஊட்டட்டும்" என்றார் குர்ஷித். "நர்கீஸ் பக்கத்துல நின்னு, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மிஷினைப் பாக்கட்டும்."

"மாத்திச் சொல்றீங்கக்கா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"மாத்தித்தான் சொல்றேன். அம்பிகா, வாயால முடியும்னு சாதிக்கிறவ மாதிரி ஊட்டு. நர்கீஸ், முடியாதுங்கிறதுக்கு எங்க அடையாளம் இருக்குன்னு தேடு."

"இவ வேணும்னே கெடுத்துருவாக்கா."

"இந்தக்கா மிஷினைப் பாக்காது. கண்டக்டர்கூட கதை பேசிக்கிட்டு நிக்கும்."

"நான் ஒருத்தி பக்கத்துல இருப்பேன்ல" என்றார் குர்ஷித்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பொன்னுத்துரையை நிமிர்த்தி, விழுந்துபோன வலது பக்கம் தலையணை கொடுத்தார்கள். வெளியே பஸ் திரும்பியது. "செம்பட்டி!" என்றார். அம்பிகா முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, அரைக் கரண்டி கேப்பைக் கஞ்சி கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த கரண்டி. ஒவ்வொன்றுக்கும் பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்தில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இருமல் இல்லை. மெஷினில் தொண்ணூற்றாறு. பதினான்கு கரண்டி ஆனதும் நிறுத்திவிட்டு, குனிந்த தலையோடு கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

"என்னடி, ஒண்ணும் பேச்சைக் காணோம்?" என்றாள் நர்கீஸ்.

"நல்லாத்தான் முழுங்குறாரு" என்றாள் அம்பிகா. அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

மதியம் பன்னிரண்டரை. அதே கிண்ணம், அதே கெட்டி. இரண்டாவது கரண்டியிலேயே கஞ்சி கன்னத்தில் தங்கியது. அம்பிகா கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். விழுங்கினார். இருமவில்லை. இருமவில்லையே என்று நர்கீஸ் வாயைத் திறக்கப் போனவள், மெஷினைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தொண்ணூற்று நான்கு. அவர் முனகியது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழவென்று கேட்டது. தொண்ணூற்றொன்று.

"நிறுத்துடி! நிறுத்து!" என்றாள் நர்கீஸ். கரண்டியை அம்பிகாவின் கையிலிருந்து பிடுங்கியேவிட்டாள். அவரை முன்னால் சாய்த்து, வாயைத் துடைத்து, சளி உறிஞ்சும் கருவி வைத்துச் சுத்தம் செய்தார்கள். ஆக்சிஜன் ஏறிப் பழைய இடத்துக்கு வரக் கால் மணி நேரம் பிடித்தது. அந்தக் கால் மணி நேரமும் மூவரும் மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இத்தனை நாளும் மதியம் நான்தான ஊட்டுனேன்" என்றாள் நர்கீஸ். "இருமலயேன்னு ஊட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

"ஆனா காலையில போகல. நான்தான ஊட்டுனேன், போகல" என்றாள் அம்பிகா. "எல்லா நேரமும் போகுதுன்னு நான் சொன்னதும் தப்பு."

"அப்ப மதியம் மட்டும் ஏன்டி?"

"எனக்கென்ன தெரியும்? கஞ்சி வேறயா?"

"ஒரே மாவுதான். நீதான் சரியா உக்காரவைக்கல."

"தலையணையை வச்சதே நீங்கதானக்கா!"

குர்ஷித் தடுக்கவில்லை. இருவர் கையிலும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "காலைக்கும் மதியத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார்.

"காலையில வெளிச்சம் இந்தப் பக்கம்" என்றாள் நர்கீஸ். "காலையில குளிக்காம இருக்காரு. காலையில கத்துறாரு."

"இப்ப கத்தலயா?" என்றாள் அம்பிகா.

"பஸ்ஸு வந்துச்சே. ஹாரன் அடிச்சானே. வாயத் தொறக்கல. கண்ணு சொருகிக் கெடந்தாரு."

அம்பிகா கட்டில் தலைமாட்டில் தொங்கிய மாத்திரைச் சீட்டை எடுத்தாள். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். ஒரு வரியில் விரல் நின்றது. சீட்டை நர்கீஸிடம் காட்டினாள். நர்கீஸ் பார்த்தாள். இருவரும் குர்ஷித்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் வந்ததில்லை. குதிகால் புண்ணுக்குக் கட்டுப் போட்ட அறையில் இருந்த அதே அமைதி.

"ஏன் வாய மூடிட்டீங்க?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "இம்புட்டு நேரம் ஆளாளுக்குக் கத்துனீங்கள்ல? சொல்லுங்க!"

நர்கீஸ் சேலை நுனியைத் திருகினாள். அம்பிகாதான் சொன்னாள்.

"பதினோரு மணி மாத்திரைக்கா. போன வாரம் திங்கக்கிழமையிலருந்து. மதியம் கத்துறாருன்னு நீங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குனது. அந்தத் தூக்கத்துலதான் மதியக் கஞ்சி போகுது. இந்தப் புதன்கிழமை காய்ச்சல் ஆரம்பிச்சிருக்கு."

குர்ஷித் சீட்டை வாங்கிப் பார்த்தார். தேதி சரியாக இருந்தது. கையெழுத்தும் அவருடையது. சாப்பாட்டு நேரத்தில் வீடு சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று அவராகக் கேட்டு வாங்கிய மாத்திரை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டக்கூடாது என்று புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பவரும் அவரே.

உட்காரவில்லை. நின்றபடியே மருத்துவருக்குப் போன் போட்டு, நடந்ததைத் தன் பெயர் சொல்லி ஒப்பித்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். ஊசி தொடரட்டும், முழுக்க விழித்திருந்தால் மட்டும் ஊட்டுங்கள், அப்படியும் ஆக்சிஜன் இறங்கினால் டியூப்பைத் தவிர வழியில்லை என்றார். அன்று சாயங்காலமும் காய்ச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கமலக்கண்ணன் வந்தார். ஆனந்த்ராஜ் கூடவே நின்றார். குர்ஷித் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"தம்பி, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததுக்கு நான் காரணம். மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு தூக்கம் வர்ற மாத்திரை கேட்டு வாங்குனேன். அந்தத் தூக்கத்துலயே கஞ்சி ஊட்டியிருக்கோம்."

"உங்களை நம்பித்தானம்மா விட்டுட்டுப் போனேன்?"

"ஆமா தம்பி."

"இப்படி அசால்ட்டா ஆமாங்கிறீங்க?"

"வேற என்ன சொல்ல முடியும்? இன்னிக்கு மதியம் பக்கத்துல நின்னு நீங்களே பாருங்க. முழுங்கலேன்னா டியூப்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆனந்த்ராஜின் முகம் சிவந்தது. அவர் ஏதோ சொல்ல வருவதற்குள் சாலை வளைவில் ஹாரன் கேட்டது.

"செம்பட்டி! செம்பட்டி எறங்கு!"

கமலக்கண்ணன் திடுக்கிட்டு உள்ளே ஓடினார். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தபோது அப்பா கண்ணே திறக்கவில்லை. எதிர்க் கட்டிலில் அழகம்மாள் தலையைத் தூக்கி, "கண்டக்டரே, எனக்கு வத்தலக்குண்டுக்கு ஒண்ணு குடு" என்றார். கத்தலால் தொந்தரவு என்று சொன்னது அவர் மகள். அழகம்மாளை யாரும் கேட்டிருக்கவில்லை. அதையும் குர்ஷித் தன் தப்புகளின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"எறங்கியாச்சுங்கய்யா. வாயத் தொறங்க" என்றாள் நர்கீஸ். அம்பிகா மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் கரண்டி. தொண்ணூற்றாறு. மூன்றாவது. தொண்ணூற்றைந்து. அம்பிகா கையைத் தூக்கினாள், நர்கீஸ் நிறுத்தினாள். கொழகொழப்பு இருக்கிறதா என்று இருவரும் குனிந்து காது கொடுத்தார்கள். "எறங்கு" என்றார் பொன்னுத்துரை, தெளிவாக. மறுபடி தொண்ணூற்றாறு. எட்டாவது கரண்டிக்குப் பிறகு அம்பிகா போதும் என்றாள்.

"வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்காருடி. இன்னும் நாலு."

"நெஞ்சுல சளி இன்னும் போகலக்கா. இன்னிக்கு எட்டுதான்."

"பசியோட போடச் சொல்லுதா உன் புஸ்தகம்?"

"ரெண்டு மணிக்கு இன்னொரு எட்டு குடுங்க. யாரு வேணாங்குறா?"

கமலக்கண்ணன் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மணி வரைக்கும் நான் இருக்கேன்" என்று சொல்லி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆனந்த்ராஜ் குர்ஷித்தை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "நான் கேட்ட பேரை இன்னும் சொல்லலயே பேகம்மா."

"தப்புப் பண்ணவ பேரைத்தான சார் கேட்டீங்க? குர்ஷித் பேகம். அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க. அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தி இல்லாம இருந்தாலும் இது வெளிய வந்திருக்காது."

"அவரு திருப்பூர் போயி என்ன சொல்லுவாரோ" என்றார் ஆனந்த்ராஜ். பிறகு, "மாசக் கடைசியில பேசிக்குவோம். அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவாச் சண்டை போடச் சொல்லுங்க" என்றார்.

"சரிங்க சார்."

மெதுவாகச் சண்டை போடும்படி குர்ஷித் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலக அறையில் போன் அடித்தது. ஆனந்த்ராஜ் உள்ளே போனதும், சண்டைச் சத்தம் போனில் கேட்காதபடி குர்ஷித்தே அந்தக் கதவை இழுத்துச் சாத்தினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் கட்டிலுக்கு நடந்தார். அங்கே அடுத்த விவகாரம் ஆரம்பமாகியிருந்தது: கஞ்சி குடித்தவரை அரை மணி நேரம் நிமிர்த்தி வைப்பதா, ஒரு மணி நேரமா.