பக்கத்து லிஃப்டில் பேசியவர்கள்

எங்கள் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் லிஃப்டின் தலைமேல் நின்று வேலை பார்த்தவர். மற்றவர்கள் லிஃப்டுக்குள் ஏறிப் போவார்கள். இவர் அதன் கூரைமேல் ஏறி, கயிற்றைப் பார்த்து, எண்ணெய் போட்டு, மாடி மாடியாக ஊர்ந்து இறங்குவார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் கிரீஸ் வாடை அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாணமான புதிதில் மூக்கைச் சுளித்தேன். அப்புறம் அந்த வாடை வரத் தாமதமானால் ஜன்னலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள் என்று என் அண்ணன் கேலி செய்வான். அது தப்பு. குறைவாகப் பேசுவார், பேசியதை மாற்றமாட்டார், அவ்வளவுதான். இவருக்குப் பொய் சொல்ல வராது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சர்டிபிகேட் கொடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினேழு முடிந்த வருடம், ஒரே வாரத்தில் மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்தது. மூன்றும் நடுத்தர அளவு, ஐயாயிரம் ஆறாயிரம் பேர் படிக்கிற இடங்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் காணாமல் போய்விடுவேன், சின்னக் கல்லூரியில் மூச்சு முட்டும் என்று அவளே பார்த்துப் பார்த்து விண்ணப்பித்தவை. பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் இடம் தருவார்கள். இவளுக்கு மூன்றிலும் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். கிடைத்ததால் ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, கட்டம் போட்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் மாட்டினாள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், முதல் வருடம் எல்லோருக்கும் விடுதி உண்டா, நூலகம் எத்தனை மணி வரை, பாடத்தை நடுவில் மாற்ற விடுவார்களா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்விதான் அவளுக்கு உயிர். கணிதமும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும், எதையும் விட மனசில்லை. மூன்றில் ஒன்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்க விட்டது.

நான் அப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க வருகிறவர் கண்ணுக்கு முன்னால் லென்ஸ் மாற்றி மாற்றி, இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா என்று கேட்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் மகள் அதே கேள்வியை என்னிடம் கேட்பாள். எனக்கோ கட்டமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. என் கணக்கில் அந்த மூன்றுக்கும் பெயரே முக்கால் மணி, மூன்று மணி, ஏழு மணி. பஸ்ஸில் போகிற நேரம். இரண்டு பாடத்தையும் சேர்த்துப் படிக்க விடுகிற இடம் ஏழு மணி நேரம் தள்ளி இருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த இடத்தைக் கண்டாலே ஆகாது.

ஆனாலும் அந்த மாதத்தை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்படிப் பேசிச் சிரித்து, சண்டை போட்டு, மூன்று பேரும் ஒரே மேஜையில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குழம்பு ஆறிப் போகும். அவள் ஸ்கேலால் சுவரைத் தட்டித் தட்டி எங்களுக்குப் பாடம் எடுப்பாள். இவர் தட்டிலிருந்து கையை எடுக்காமல் தலையாட்டுவார். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் இவர், பல்கலைக்கழகம் அனுப்பிய விவரப் புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் அவர்களே சொல்லிக்கொள்வது, நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். யாரிடம் கேட்பீர்கள் என்றால், யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்றார். பெரிய கட்டடங்களில் இரண்டு லிஃப்ட் அடுத்தடுத்து ஒரே குழிக்குள் ஓடும். ஒன்றை நிறுத்தி அதன் கூரைமேல் இவர் வேலை செய்யும்போது, மற்றது பக்கத்தில் போய்வந்துகொண்டிருக்கும். அதில் போகிறவர்கள் பேசுவது ஒரு எழுத்து விடாமல் இவர் காதில் விழும். மேலே ஒரு ஆள் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு இடத்தின் யோக்கியதை அங்கே தெரிந்துவிடும் என்பது இவர் கட்சி.

மூன்று இடத்திலும் லிஃப்டைப் பராமரிப்பது இவருடைய கம்பெனிதான். ஆனால் முக்கால் மணி இடம் மட்டுமே இவர் பொறுப்பு. மற்ற இரண்டுக்கும் போவதற்காக நெட்டை என்று கூப்பிடுகிற கூட்டாளியிடம் முறை மாற்றிக்கொண்டு, இரண்டு வார விடுமுறை நாட்களைத் தாரை வார்த்தார். மகள் அதைக் கேட்டு, அப்பா எனக்காக ஒட்டுக் கேட்கப் போறார் என்று குதித்தாள்.

முக்கால் மணி இடத்தில், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை என்று வந்து சொன்னார். மூன்று மணி இடத்தில் பேச்சே இல்லையாம். எட்டுப் பேர் ஏறி எட்டுப் பேர் இறங்குகிறார்கள், இருமல் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தை அடித்துவிட்டாள். மிச்சம் இரண்டு. ஏழு மணி இடத்துக்கு ஒரு திங்கட்கிழமை போய், மறுநாள் மாலை திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஓர் இடத்துக்குச் சம்மதப் படிவம் அனுப்பியாக வேண்டும்.

கை கழுவிவிட்டு உட்கார்ந்தவர், பேச்சைக் கேட்க முடியவில்லை என்றார். லிஃப்டே சரியில்லையாம். பிரேக் தேய்ந்து, கதவு இழுத்துக்கொண்டு, தரைக்கும் கூண்டுக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு நிற்கிறதாம். வேலை முடிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். பிறகு மகளைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"லிஃப்டையே ஒழுங்கா பார்த்துக்காதவங்க, பிள்ளைங்களை எங்க பார்த்துக்கப் போறாங்க?"

மகள் எழுந்து போய், அந்த இடத்தின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பாள். லிஃப்டைப் பற்றி அப்பா சொன்னால் அவளுக்கு அப்பீலே கிடையாது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மறுநாள் கடையில் நான் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்ததாக முதலாளி அம்மா சொன்னார்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு லிஃப்டுக்கும் இவர் ஓர் அறிக்கை எழுதுவார். வெள்ளைத் தாள் கட்டடக்காரருக்கு, மஞ்சள் கம்பெனிக்கு, ரோஸ் தாள் இவருக்கு. மாதக் கடைசியில் ரோஸ் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுப்பது என் வேலை. வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. அடுக்க உட்கார்ந்தேன். ஏழு மணி இடத்தின் தாள் கைக்கு வந்தது. பிரேக் சரி. கதவு சரி. எல்லா மாடியிலும் தரைமட்டம் சரி. கீழே இவருடைய முழுக் கையெழுத்து.

மாலையில் வந்தவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் வெளியே போயிருந்தாள். தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"தாள்ல எல்லாம் சரின்னு போட்டிருக்கீங்களே?"

"தாள்ல எப்படிப் பொய் எழுத முடியும்? நாளைக்கு ஒருத்தன் அதை நம்பி ஏறுவான்."

அப்புறம் அவராகவே சொன்னார். பக்கத்து லிஃப்டில் ஒரு ஆசிரியரும் இரண்டு பிள்ளைகளும் ஏதோ பழைய காலத்து வரி வசூல் கணக்கைப் பற்றி வாதம் செய்துகொண்டே ஏறினார்களாம். ஆறாவது மாடி வந்து கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. யாரோ கீழே அழைத்திருப்பார்கள்போல. வாதத்தோடேயே கீழே போய், வாதத்தோடேயே மறுபடி மேலே வந்தார்களாம். மூன்றாவது தடவைதான் இறங்கினார்களாம். இறங்கும்போது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, சார், நீங்க தோத்துட்டீங்க என்றாளாம். ஆசிரியர் சிரித்தாராம்.

"நம்ம பொண்ணு பேசற மாதிரியே இருந்துச்சு. அவ அங்க போனா திரும்பி வரமாட்டா."

இவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு நல்ல தாய் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தத் தாளை மற்ற ரோஸ் தாள்களின் அடியில் செருகினேன். வெள்ளிக்கிழமை தாண்டும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். பொய் சொன்னது அவர். அதைக் காப்பாற்றச் சொன்னது நான்.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். மேஜைமேல் மகளின் படிவங்கள் இருந்தன. அவற்றின்மேல் அந்த ரோஸ் தாள். காற்றில் பறக்காமல் இருக்கத் தன் பேனாவை அதன்மேல் வைத்திருந்தார். வாயால் சொன்னதாக இருந்தாலும், தவறான அறிக்கையை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. எடுத்து ஒளிக்கலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவள் பல் துலக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

இரண்டு தடவை படித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. உங்க அப்பா இப்படிப் பண்ணுவார்னு நான் கனவுலகூட நினைக்கலை என்றும் சேர்த்துச் சொன்னேன். பதற்றத்தில் வந்த வார்த்தை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பதற்றமெல்லாம் இல்லை. அவள் என்னை விட்டுப் போகப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. போகும்போது என்மீது கோபத்தோடு போகக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் ஏழு மணி இடத்துக்கான படிவத்தை நிரப்பி, காலையிலேயே தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அப்பா வரும்வரை கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை.

"இந்த வீட்ல அம்மா ஒருத்திதான் எனக்கு உண்மையா இருக்கா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். நான் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா," என்றார். "அவளுக்கு எதுவும் தெரியாது."

மகள் போனாள். முதல் மூன்று மாதம் கடிதமெல்லாம் என் பெயருக்கே வந்தது. அதில் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நான் படித்து முடித்துவிட்டு மேஜையில் வைப்பேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டு, மெதுவாக முழுவதையும் படிப்பார். கணிதத்தையும் வரலாற்றையும் அவள் ஒரு கை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் முகம் மலரும். நான்காவது மாதம் ஒரு கடிதத்தின் கடைசியில், அப்பா சாப்பிடுகிறாரா என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவள் பட்டம் வாங்கிய வருடம், மனசு கேட்காமல், நடந்ததை அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொல்லி? ரெண்டு பேரையும் நம்பலைன்னா அவ யாரைத்தான் நம்புவா?" என்றார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சட்டையில் இப்போது சோப்பு வாசனைதான் அடிக்கிறது. மகள் அவள் படித்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறாள். அவர் பயந்த மாதிரியே திரும்பி வரவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை மாப்பிள்ளையோடு வந்து போவாள். அந்தப் பழைய கோபமெல்லாம் எப்போதோ கேலியாகிவிட்டது. லிஃப்ட் கதையை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் வந்திருந்தாள். சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக, பக்கத்துத் தெருவில் ஒரு நல்ல வீடு விலைக்கு வருகிறது என்று இவர் மாப்பிள்ளையிடம் சொன்னார். மகள் கையை உயர்த்தித் தடுத்தாள். "அப்பா சொன்னா நாலு தடவை விசாரிங்க. அம்மா சொன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்," என்றாள். மாப்பிள்ளைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. இவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

நானும் சேர்ந்து சிரித்தேன்.