ராகு காலத்துக்கு முன் ஊற்ற வேண்டிய எண்ணெய்

என் வண்டியை நானேதான் பார்த்துக்கொள்வேன், எந்த மெக்கானிக்கையும் தொட விடமாட்டேன் என்று கல்யாணத் தரகரிடம் பெருமையடித்து வைத்திருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே? அவர் அதை அப்படியே காப்பார் என்ற ஊரில் இருந்த பெண் வீட்டில் போய் ஒப்பித்துவிட்டார். பெண்ணின் அப்பா அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் லோரி பழுது பார்ப்பவர். பெண் கிள்ளானில் ஏதோ ஆபீசில் வேலை செய்தாள். மாப்பிள்ளையை நேரில் பார்த்த பிறகுதான் பதில் சொல்வேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். நான் அவளைக் கோயிலில் ஒரே ஒரு முறை, அதுவும் தூரத்திலிருந்து, பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து ஒரு டாக்டர் மாப்பிள்ளை அவளைப் பார்க்க வருகிறார் என்று தரகர் என் காதில் போட்டுவிட்டுப் போனார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்களுக்குத் தண்ணீர் பம்பு பொருத்தும் வேலை எனக்கு. சேற்றுப் பாதையில் போவதற்காக, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தேன். கொஞ்ச நாளாக அதன் பின்பக்கத்திலிருந்து நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். பின் அச்சின் நடுவில் சின்னக் குடம் மாதிரி இருக்குமே, அந்த டிஃப்ரென்ஷலில் எண்ணெய் கெட்டுவிட்டது என்று புரிந்தது. மற்ற நாளாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் லோரி பட்டறைக்காரர் வீட்டு வாசலில் போய் ஊளையிட்டுக்கொண்டு நின்றால் மானம் போய்விடாதா?

பெண் பார்க்கப் போக வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பெண் வீட்டுப் படியேறிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஒரு மணி நேர வேலைதானே என்று பன்னிரண்டு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் படுத்தேன். குடத்தின் அடியில் இருந்த நட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெய் கறுப்பாகக் கொழகொழவென்று வாளியில் இறங்கியது. அடி நட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு, புது எண்ணெய் ஊற்றுகிற மேல் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். அது அசையவே இல்லை.

காரணம் நான்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால், வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளி பெயிண்டை எடுத்து வண்டியின் அடிப்பாகத்துக்கும் அடித்துவிடுவேன். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்க மாட்டோம். பின்னால் வருகிறவர்களின் கண்ணில் படும் இடம் என்பதால் டிஃப்ரென்ஷலுக்கு மட்டும் இரண்டு கோட். ஆறு வருஷப் பெயிண்ட் அந்த நட்டைச் சிமெண்டு பூசினாற்போல் மூடியிருந்தது. சுரண்டினேன், சுத்தியலால் தட்டினேன், ஸ்பேனரைக் காலால் உதைத்துக்கூடப் பார்த்தேன். நட்டின் மூலைகள் மழுங்கியதுதான் மிச்சம். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஊற்றவும் வழியில்லை. அப்படியே ஓட்டினால் வழியில் சுபாங் ஊரைத் தாண்டுவதற்குள் பல்சக்கரம் அரைபட்டுப் போகும்.

"டாக்சி பிடிடா," என்றார் அம்மா.

"மழை பேஞ்சு கெடக்கு. அந்தக் களிமண் பாதையில எந்த டாக்சிம்மா உள்ள போவும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த தெருவில் குடியிருந்த அக்கா அப்போதுதான் பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். குனிந்து பார்த்தாள். "அச்சு மேல குட்டியா மூடி மாதிரி இருக்கே, அது என்னாடா?"

"சூட்டுல காத்து வெளிய போறதுக்கு. நீ சும்மா இரு அக்கா."

"காத்து போற ஓட்டைல எண்ணெய் போவாதா?"

இத்தனை வருஷம் ஸ்பேனர் பிடித்த எனக்கு ஏன் அது தோன்றவில்லை? மூடியைக் கழற்றி, ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அம்மாவின் சமையலறைப் புனலை மறுமுனையில் வைத்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புனலைப் பிடித்தாள். ஆனால் அந்த எண்ணெய் பாகு மாதிரி கெட்டி. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. மணி இரண்டரை.

"கொண்டா இங்க," என்று அம்மா டின்னைப் பிடுங்கிக்கொண்டு போய், அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் இறக்கி வைத்தார். பெண் வீட்டுக்குக் கிண்டிய கேசரி ஒரு அடுப்பில், கியர் எண்ணெய் மறு அடுப்பில். சூடான எண்ணெயின் அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்க. நெய்யும் ஏலக்காயும் அதனிடம் தோற்றுப்போயின. ஆனால் சூடேறியதும் எண்ணெய் சரசரவென்று இறங்கியது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த அளவு முழுவதும் உள்ளே போனபோது நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அம்மாவின் மூக்கு நுனியில்கூட எண்ணெய்க் கறை. அப்போதும் என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார்; அவ்வளவு சந்தோஷமாக அவர் திட்டி நான் கேட்டதே இல்லை.

மூன்றேமுக்காலுக்குத்தான் கிளம்பினோம். ஊளைச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. ஷா ஆலம் தாண்டி, கிள்ளான் தாண்டி, காப்பார் தோட்டப் பாதையில் நான்கு சக்கரமும் சேற்றை வாரியிறைக்க, பெண் வீட்டு கேட்டில் போய் நின்றபோது மணி நாலு நாற்பது. ராகு காலம் பிறந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அம்மா இறங்க மறுத்துவிட்டார். பெண் வீட்டாரும் உள்ளே வாங்க என்று கூப்பிட முடியாமல் வாசலில் நின்றார்கள். மடியில் தாம்பாளங்களோடு நாங்கள் வண்டிக்குள், அவர்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம். இப்படியே ஆறு மணிவரை உட்கார வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பெண்ணின் அப்பா கேட்டைத் திறந்துகொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். "ஏன் தம்பி லேட்டு? ரோட்டுல ஜேமா?"

"ஆமாங்க, ஷா ஆலம்கிட்ட பயங்கர ஜேம் லா," என்று அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

பெண்ணின் அப்பா மூக்கைச் சுளித்து என் நகக்கண்களைப் பார்த்தார். அந்தக் கறுப்பை எதால் கழுவினாலும் போகாது. பெண் கேட்டருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜேம் இல்ல அங்கிள்," என்றேன். "எண்ணெய இறக்கிட்டேன், ஊத்துற நட்டக் கழட்ட முடியல. ஆறு வருசமா நானே பெயிண்ட் அடிச்சு அடைச்சு வச்சிருக்கேன். அக்காவும் அம்மாவும் இல்லன்னா வண்டி இன்னும் வீட்டு வாசல்லதான் நிக்கும். நான் தரகர்கிட்ட சும்மா பீத்திக்கிட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பிறகு, "அலாமாக்! பிள்ள, இங்க வந்து பாரு, வெள்ளிக் கொடம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என் ஜன்னலுக்கு வந்தாள். "மேல் நட்டு கழலுதான்னு மொதல்ல பாக்காம யாராவது எண்ணெய இறக்குவாங்களா?"

"நான் இறக்குனேன்," என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முடியவில்லை. அப்பா பக்கம் திரும்பி, "எனக்குச் சரிப்பா," என்றாள்.

"ஐயோ, ராகு காலம்மா! இப்பச் சொல்லாத!" என்று அம்மா அலறினார்.

"சொல்லிட்டேனே ஆன்டி. வேணும்னா ஆறு மணிக்கு இன்னொரு தடவ சொல்றேன்."

ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு, எல்லார் முன்னிலையிலும், என்னைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னாள்.