அஞ்செட்டி மலையில் ஒரு ‘சிங்கிள்’

ஓசூரிலிருந்து அஞ்செட்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தேன்கனிக்கோட்டை டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண் என்பதால் எனக்கு இலவசம். கேமராமேன் பாலு மட்டும் டிக்கெட் எடுத்தான். வழியெல்லாம் அதைச் சொல்லிக்காட்டினான். நாங்கள் எடுக்கும் பெண்ணுரிமைப் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறினோம். கேமரா ஸ்டாண்டைப் பார்த்ததும் டிரைவர், "யாரு வூட்டு கல்யாணமுங்க?" என்றார்.

"கல்யாணம் இல்லீங்க, டாக்குமென்டரி."

"அப்ப நிச்சயதார்த்தம்," என்று அவரே முடிவு செய்துகொண்டார். இந்தக் காட்டுப் பாதையில் பெரிய கேமரா வேறெதற்கும் வந்ததில்லை.

நாங்கள் போனது, எங்கள் படத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்த சௌமியாவுக்காக. வயது பத்தொன்பது, ஓசூரில் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. திருவிழாவுக்கு ஊருக்குப் போனவளை, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஆஜராகாவிட்டால் வேலை போய்விடும். "வூட்டுக்கே வாங்கக்கா, எல்லாருக்கும் முன்னாடி கேமராவுல பேசறேன்," என்று போனில் அழைத்திருந்தாள்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கேமராவைக் கண்டதும் சௌமியாவின் அத்தை பட்டுப்புடவைக்கு மாறினாள். சௌமியாவை நாற்காலியில் உட்கார வைத்ததுதான் தாமதம், வலப்பக்கம் அப்பா முனிராஜ், இடப்பக்கம் அம்மா, பின்னால் சித்தப்பா குடும்பம் என்று மொத்த வீடும் விறைப்பாக அணிவகுத்தது. அவள் வாயைத் திறந்தாள். "வீடியோல பேசக்கூடாதுடி, சிரி," என்று அத்தை அதட்டினாள். நான் கருத்துரிமையை விளக்கினேன். அவர்கள் இன்னும் விறைத்தார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் எடுத்த கல்யாண வீடியோக்கள் அப்போது கைகொடுத்தன. "பொண்ணு சிங்கிள்! மத்தவங்க நகருங்க!" என்று குரல் கொடுத்தேன். மணமேடையில் தாய்மாமனே கட்டுப்படும் குரல் அது. நொடியில் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள்.

சௌமியா நேராகப் பார்த்தாள். "எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம். யாரக் கட்டிக்கிறதுன்னு என்னைக் கேக்கணும். நாளைக்கு நான் ட்யூட்டிக்குப் போவணும்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

முனிராஜ் மெல்லக் கிட்டே வந்தார். "இத யாரும்மா பாப்பாங்க?"

"ஓசூர், சென்னைன்னு எல்லா ஊர்லயும் காட்டுவோங்க."

"அப்ப என்னைய வில்லனாத்தான நினைப்பாங்க? எனக்கும் ஒரு சிங்கிள் எடு தாயி."

சட்டை மாற்றி, தலை சீவி வந்து நின்றார். "எம்பொண்ணு வேலைக்குப் போவட்டும். அவளக் கேக்காம கல்யாணம் பேச மாட்டேன்." முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாம் தடவை கோழி குறுக்கே ஓடியது. மூன்றாம் தடவை சொல்லும்போது அவர் கண் கேமராவில் இல்லை. ஊருக்காகச் சொல்ல ஆரம்பித்தவர், அதற்குள் மகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேமராவை அணைப்பதற்குள் சௌமியா பையோடு வந்துவிட்டாள். "அப்பா சொல்லிட்டாருல்ல. ரெண்டு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் சாயங்காலந்தான்."

பையைத் தூக்கிவந்து ஏற்றிவிட்டவர் முனிராஜ்தான். எங்கள் ஈரோட்டுப் பக்கம் எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறேன். ஒரு மணப்பெண்ணும் பேசிக் கேட்டதில்லை.

அதே டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஏம்மா, கல்யாணத்துக்குன்னு வந்துட்டு பொண்ணையே கூட்டிக்கிட்டுப் போறீங்களே!"

"ட்யூட்டிக்குங்கண்ணா," என்றாள் சௌமியா, ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டு.