அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம்

ஷர்மினி பாம்பைக் கண்டாலே பதறாத பெண். அவளுக்கே அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மலேசியாவில் பாலோ என்ற சிற்றூரிலிருந்து தினமும் பேருந்து பிடித்து, குளுவாங் நகரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கிறாள். பொறியியலுக்குப் போக வேண்டும் என்பது ஆசை. அதற்கு இயற்பியல் வேண்டும். பள்ளியிலோ இயற்பியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனார், புதியவர் வரவில்லை. "நீயே சொந்தமா படிச்சி எழுதுறியா, இல்ல பயோலஜிக்கு மாறிக்கிறியா? திங்கக்கிழமைக்குள்ள சொல்லு," என்று வகுப்பாசிரியை ரூபினி டீச்சர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன! முடிவெடுக்க வேண்டியது இவளல்லவா?

வீட்டில் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கம் புரிந்தது. இரண்டாம் பக்கம் புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாவதில் தலை சுற்றியது, கேட்க ஆளில்லை. எதிர்வீட்டு ரூபேந்திரனும் இப்படித்தான் தானே படிக்கிறேன் என்று இறங்கிக் கோட்டை விட்டான். இப்போது யாராவது பரீட்சைப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறான். அவனை நினைத்ததும் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அம்மா மலருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் மகளைப் பார்த்துக் கேட்டாள். "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? பூ போட்டுப் பாத்துருவோம் லா. வெள்ளை வந்தா சொந்தமா படி. சிவப்பு வந்தா பயோலஜி. ஆத்தா சொன்னா சரியா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். அம்மா விளக்கேற்றப் போன நேரத்தில் ஷர்மினிதான் அரளிப் பூக்களைத் தாளில் மடித்தாள். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தாள். வெள்ளையைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று சந்நிதிப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் வெள்ளை வந்துவிட்டால்? அப்புறம் தப்பிக்க வழியே இல்லையே!

அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"பாத்தியா! ஆத்தா சொல்லிட்டா. அந்த பிசிக்ஸ விட்டுத் தொலை," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இனி அந்தப் புத்தகத்தைத் தொடவே போவதில்லை என்று எண்ணியதும் முன்னதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது.

"அம்மா, அடுத்ததையும் பிரிங்க," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மலர் பிரித்தாள். அதுவும் சிவப்பு.

"அலமாக்! சாமிகிட்டயா விளையாடுற? கண்ணக் குத்திடும்டி!" என்று கையை ஓங்கியவள், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கினாள். "பயமா இருந்தா என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா விட்டுடுன்னு சொல்லிருவீங்கம்மா. நானும் விட்டுடுவேன். இப்ப விடணும்னு ஆனதுந்தான் அது வேணும்னு தெரியுதும்மா."

மலர் இரண்டு பூவையும் மறுபடி தாளில் மடித்தாள். பிறகு மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"டீச்சருக்குப் போன் போடு. பிசிக்ஸயே சொந்தமா படிக்கிறேன்னு சொல்லு."

"ஃபெயிலாயிட்டேன்னா?"

"எனக்கும் அந்தப் பயந்தான்டி. நீ போடு."