ஓய்வு நாளில் போன் எடுக்கக் கூடாது

மேற்கிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும்போது, துணை விமானி உட்காரும் வலது பக்கக் கண்ணாடியில் தாம்பரம் தெரியும். முதலில் ஏரிகள், பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிகள், அதையும் தாண்டி விமானப்படையின் ஓடுபாதை. அதற்கு இந்தப் பக்கம் சேலையூர். அங்கே ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி என் வீடு. கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் தேடுவேன். பிறகு தரையிறங்குவோம், பயணிகள் இறங்குவார்கள், வேறு பயணிகள் ஏறுவார்கள், நான் திரும்ப டெல்லிக்குப் போவேன். கம்பெனி எனக்கு ஒதுக்கியிருந்த தளம், அதாவது பணியூர், டெல்லி. வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு, காக்பிட்டில் உட்கார்ந்து ஆறிப்போன உப்புமாவைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் போல எரிச்சலான வேலை வேறு இல்லை. பல வருடம் அதைத்தான் செய்தேன்.

ஓய்வு நாட்களில் சென்னைக்கு வருவேன். அதற்கும் விமானத்தில் காலி இடம் இருக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் இருக்காது. டெல்லி விமான நிலையத்தில் சீருடையோடு நின்றுகொண்டு, நான் ஓட்டக்கூடிய விமானம் நான் இல்லாமல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தீபாவளி அப்படியே போயிற்று.

இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாது. "பைலட்டுக்கு என்னப்பா குறை" என்பார்கள். சம்பளத்தில் எனக்குக் குறையே கிடையாது, அதைப் பற்றி நான் வாய் திறந்ததும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது சென்னைத் தளம், அவ்வளவுதான். அது கிடைக்க ஒரே வழி, எங்கள் விமானிகள் சங்கம் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்த புது ஒப்பந்தம். யார் எந்த ஊரில் வேலை பார்ப்பது என்பதை மூப்பு வரிசைப்படி, வருடத்துக்கு ஒரு முறை, எல்லோருக்கும் தெரியும்படி முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. ஓய்வு நாளில் கூப்பிட்டு வேலைக்கு வா என்று சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. பழைய ஒப்பந்தம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. புதியதற்கான பேச்சுதான் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது.

பேச்சுவார்த்தைக் குழுவில் என்னோடு விமானப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் இருந்தான். வண்டலூரில் வீடு. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அவனுக்குப் போன் செய்வேன்.

"இன்னிக்கு நல்லாப் போச்சு மச்சான்" என்பான்.

"என்ன முடிவாச்சு?"

"அடுத்த மீட்டிங் தேதி முடிவாச்சு."

அவன் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே அதுதான் முடிவாகியிருக்கும். ஒரு கட்டத்தில் கம்பெனி தரப்பில் பேசிய அதிகாரி வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கச் சொன்னார். நாங்களும் முதலிலிருந்து விளக்கினோம். ஓடுபாதை காலியில்லை என்றால் எங்களை வானத்திலேயே வட்டமடிக்கச் சொல்வார்கள். அப்போதுகூட, எப்போது இறங்க விடுவோம் என்று உத்தேசமாக ஒரு நேரம் சொல்லிவிடுவார்கள். இங்கே அதுகூட யாரும் சொல்லவில்லை.

சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போனோம். அதோடு ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ஏரோப்பிளேன் ஓட்றவங்களும் கொடி புடிச்சிகினு நிக்கிறீங்களா? அப்போ எங்க கதைய இன்னான்னு சொல்றது, பேஜாரா கீது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கும்போது பட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

என்னைவிட அதிகமாக இந்த ஒப்பந்தத்துக்குக் காத்திருந்தவள் என் மனைவி. குரோம்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். அதிகாரியாகப் பதவி உயர்வு பெறும் தேர்வில் இரண்டு முறை தேறியிருந்தாள். அதிகாரியானால் வெளியூருக்கு மாற்றுவார்கள். நான் டெல்லியில் இருக்க, அவளும் வெளியூர் போனால், எட்டாவது படிக்கும் மகளை யார் பார்ப்பது? அதனால் இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவளுக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது முறையும் தேறினாள். இதையும் மறுத்தால் சில வருடங்களுக்குத் தேர்வு எழுத முடியாது, அதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். எனக்குச் சென்னை கிடைத்தால் மகளோடு நான் சேலையூரில் இருப்பேன், அவள் நிம்மதியாகப் போய்ப் பதவியேற்றுவிட்டு, ஓரிரு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வருவாள். இதுதான் எங்கள் திட்டம்.

"உங்க யூனியன் ஏதாவது பண்ணுமா, பண்ணாதா?" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. அவளும் சங்கத்துக்காரிதான். வங்கி ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தமும் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் போகும். ஆனால் அவர்களுக்குப் பரம்பரை பரம்பரையாகச் சண்டை போட்ட பழக்கம் இருக்கிறது. எங்களுக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் சங்கம் ஒரு முடிவெடுத்தது. வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் விடாது. ஆனால் ஓய்வு நாளில் போன் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கம்பெனியில் ஆள் பற்றாக்குறை. தினமும் யாராவது ஓய்வில் இருப்பவரைக் கெஞ்சிக் கூப்பிட்டுத்தான் விமானங்களைக் கிளப்பினார்கள். அதை நிறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டோம். கம்பெனி எண்ணை யாரும் எடுக்கவில்லை. அவர்கள் வேறு எண்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். உடனே வாட்ஸப்பில் நண்பன் அறிவித்தான்: ஓய்வு நாளில் தெரியாத எண் எதையும் எடுக்காதீர்கள்.

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அன்று இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. என் ஓய்வும் அதோடு சேர்ந்து வந்தது, அபூர்வம். காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து, நான்தான் மசாலா தடவிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் போன் அடித்தது. வடநாட்டு லேண்ட்லைன் எண். நான் கையை உயர்த்தி, யாரும் தொடக் கூடாது என்று சைகை காட்டினேன். அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மகளுக்கு ஒரே குஷி, "அப்பா, கெஞ்சறாங்கப்பா!" என்று குதித்தாள். மூன்றாவது முறை அடித்தபோது போன் அதிர்ந்து அதிர்ந்து உப்பு ஜாடி வரை நகர்ந்துபோயிற்று.

"எடுத்துத்தான் பாரேன்" என்றாள் மனைவி.

"எடுத்தா நாளைக்குக் காலைல ஃபிளைட்டும்பான்."

"முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா அது ரெக்கார்டாயிடும். எடுக்கலைன்னா ஒண்ணும் கிடையாது."

"எங்க யூனியன்ல இப்டிப் பண்ண மாட்டோம். என்ன ஏதுன்னு கேட்டுட்டு, எழுத்துல குடுங்கம்போம்."

"உங்களோடது பேங்க்" என்றேன், ஏதோ பெரிய பதில் சொல்லிவிட்டவன் போல. மீன் பிரமாதமாக வந்திருந்தது. மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். நானும் ஒரு போராட்டத்தில் இருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் மனதாரப் பெருமைப்பட்டேன்.

திங்கட்கிழமையும் எனக்கு ஓய்வு. நண்பன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"மச்சான், சனிக்கிழமை உனக்குப் போன் வந்துச்சா?"

"மூணு வாட்டி. தொடவே இல்லையே!"

"ஐயோ" என்றான். பிறகு சொன்னான். சென்னைத் தளத்தில் ஒரு துணை விமானி ராஜினாமா செய்திருக்கிறார். அந்த இடத்துக்கு மூப்பு வரிசையில் அடுத்தவன் நான். கம்பெனியில் இதற்கென்று எழுதி வைத்த முறை எதுவும் இல்லை. வரிசைப்படி போன் செய்வார்கள், எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள், அதுதான் பழக்கம். ஆனால் சென்னையில் எத்தனையோ காலமாக எந்த இடமும் காலியாகவில்லை. அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. "எங்க யாருக்குமே தோணலையே மச்சான்" என்றான்.

இடம் நங்கநல்லூரைச் சேர்ந்த, என்னைவிட இளையவன் ஒருவனுக்குப் போயிருந்தது. அவனும் சங்க உறுப்பினன்தான், அவனும் போனை எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, சத்தியமா நான் எடுக்கலைண்ணா. குளிச்சிட்டிருந்தேன். அம்மா எடுத்து, சென்னைன்னதும் சரின்னு சொல்லிட்டாங்க." அழாத குறை. அவனைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது? அவன் அம்மா சங்கத்தில் இல்லை.

இதை மனைவியிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வேலை முடிந்து தாம்பரத்தில் இறங்கும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். எப்போதும் இல்லாத வழக்கமாக நான் நிற்பதைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. நடைமேம்பாலத்துப் படியில் கூட்டம் இடித்துக்கொண்டு போனது. ஓரமாக நிறுத்திச் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். பிறகு என்னைத் தாண்டிப் போய், வெளியே கீரை விற்கிற அக்காவிடம் அரைக்கீரை என்ன விலை என்று கேட்டாள். பேரம் பேசினாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆட்டோ ஏறினோம். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் இந்தத் தடவ வேண்டாம்னு எழுதித் தர மாட்டேன்."

"பாப்பாவ யாரு பார்ப்பாங்க?"

"என்னோட வருவா. நீ பேசி முடிச்சிட்டு மெதுவா வா."

எனக்கு வலித்தது, வலிக்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

தென்காசிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அவளுக்குக் கிளை ஒதுக்கினார்கள். அங்கே விமான நிலையம் கிடையாது, பக்கத்திலும் கிடையாது. ஜூன் மாதம் மகளை அங்கே பள்ளியில் சேர்த்தோம். பீரோவைத் தவிர மற்ற சாமான்கள் லாரியில் போயின. சேலையூர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு நான் டெல்லிக்குப் போனேன். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை மேற்கிலிருந்து இறங்கினேன். வலது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் கடைசியில் கையெழுத்தானது. கேட்டதில் பாதி கிடைத்தது. நண்பன் குழுவோடு நின்று எடுத்த படத்தை அனுப்பினான், எல்லோர் கையிலும் லட்டு. தளக் காலியிடங்களை இனி எழுத்து மூலமாகத்தான் தெரிவிக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று ஒரு விதி சேர்ந்திருந்தது. "இது உன் விதி மச்சான்" என்று எழுதியிருந்தான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். மனைவி கேட்டால் இது அவள் சொன்ன விதி என்பாள். அவள் கேட்கவில்லை.

அந்த விதிப்படியே ஒரு நாள் எனக்கு மின்னஞ்சல் வந்தது. சென்னைத் தளம். சம்மதம் என்று பதில் எழுதிவிட்டு, அதை அப்படியே மனைவிக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. 'சந்தோஷம். அங்க கேஸ் கனெக்‌ஷன் சரண்டர் பண்ணிட்டேன், புதுசா எழுதிப் போடு.'

இப்போது நான் சேலையூரில் இருக்கிறேன். அத்தனை வருடம் வானத்திலிருந்து தேடிய வீட்டில் ஒரு பாய், ஒரு பீரோ, நான். ஓய்வு நாட்களில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் செங்கோட்டை ரயிலைப் பிடிக்கிறேன். அவள் மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறாள். வங்கிகளின் மாற்றல் கொள்கையைப் பற்றி அவர்கள் சங்கம் நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு வாரமும் நான்தான் கேட்கிறேன். "அடுத்த மீட்டிங் தேதி முடிவாயிருக்கு" என்கிறாள்.

போன வாரமும் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பையில் மகள் கேட்ட பேனாக்கள், ஐஸில் வைத்துக் கட்டிய வஞ்சிரம். போன் அடித்தது. தெரியாத எண். முதல் மணியிலேயே எடுத்தேன், இப்போதெல்லாம் அப்படித்தான். ஒரு பெண் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்டாள். அவள் பேசி முடிக்கும் வரை பொறுமையாக முழுதும் கேட்டுக்கொண்டேன். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.