ஏழு நொடி அமைதியில் ஒரு கைத்தட்டல்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு ஓடி, கிடார் மெல்ல இறங்கத் தொடங்கியதும், மிசாவோ குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வார். முட்டைக்கோசு தேடுவதாகப் பாவனை. முட்டைக்கோசு எப்போதும் வெளியே, இரும்புக்கல்லுக்குப் பக்கத்துக் கூடையில்தான் இருக்கும். கிடார் நிற்கும், பாடகர் குரலும் நிற்கும், அதன் பிறகு ஏழு நொடி ஒன்றுமே கேட்காது. அந்த அமைதியின் நான்காவது நொடியில், மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மண்டபத்தில் யாரோ ஒரே ஒரு தடவை ‘பட்’ என்று கைதட்டுவது கேட்கும். உடனே ஓரத்து முக்காலியிலிருந்து அவர் கணவர் ரியோஹே நாக்கைச் சொடுக்கி, “தடியன்” என்பார். டிரம்ஸ் இடிக்கும். மிசாவோ தலையை வெளியே எடுத்து, வெறுங்கையோடு கதவைச் சாத்துவார்.

ஒசாகாவில் கியோபாஷி ரயில் பாலத்துக்குக் கீழே எட்டு முக்காலி போட்ட ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோசு அடைக் கடை அவருடையது. வயது அறுபத்தேழு. மாவையும் முட்டைக்கோசையும் கலக்கும்போது கிண்ணத்தைப் பார்க்க மாட்டார். வந்தவர் முகத்தைத்தான் பார்ப்பார். கல்லில் வட்டமாக ஊற்றி, மேலே பன்றி இறைச்சியைப் பரத்திவிட்டு, அது வேகிற நேரத்துக்குள் எதிரே இருப்பவரின் குடும்ப விவரம் முழுவதையும் கறந்துவிடுவார். கடையில் யாராவது இரண்டு நிமிடம் பேசாமல் சாப்பிட்டால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. “என்ன, மாவு சரியில்லையா, மனசு சரியில்லையா?” என்று கேட்டுவிடுவார். மாவு என்று சொல்லித் தப்பித்தவர் இதுவரை யாருமில்லை. அடுத்த கேள்வி அதைவிட மோசமாக இருக்கும்.

ரியோஹே நேர் எதிர். அளந்து பேசும் கனாசாவா ஊர்க்காரர். வேலைக்காக ஒசாகா வந்து, முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். எட்டாவது மாடியில் கயிறு உரசினால் தரைத்தளத்தில் நின்றே சொல்லிவிடுகிற காது. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டிலிருந்த இசைத்தட்டுப் பெட்டியையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் கொண்டுவந்து மனைவியின் கடையில் பொருத்தினார். கடைக்கு ஏதோ செய்கிறேன் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். மிசாவோ அதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறார். “வீட்டுல தனியா உக்காந்து கேட்டா அந்தத் தடியனைத் திட்டறதைக் கேக்க ஆள் வேணாமா?”

அந்த இசைத்தட்டை அந்த வயதுக்காரர்களுக்குத் தெரியும். டின் ஹார்பர் என்ற இங்கிலாந்துக் குழு 1975-இல் ஒசாகா ஆற்றோரத்து மண்டபத்தில் இரண்டு நாள் வாசித்தது. இரண்டாவது நாளை அப்படியே பதிவு செய்து வெளியிட்டார்கள். ராக் கச்சேரி என்றால் மேற்கே நாற்காலி உடையும் காலம் அது. இங்கே கையில் பட்டி கட்டிய காவலாளிகள் வரிசைக்கு ஒருவராக நின்று, யாராவது எழுந்தால் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்கள். தோள் வரை முடி வளர்த்துத் தரை தொடும் காற்சட்டையால் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்த பையன்கள்கூட முழங்கால் மேல் கை வைத்துப் பள்ளிக்கூடம் போல உட்கார்ந்திருந்தார்கள். பாட்டின் கடைசி ஒலி செத்த பிறகுதான் கைதட்டல். இப்படி ஒரு கூட்டத்தை ஆயுளில் பார்த்திராத அந்தக் குழு, கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில் பாட்டு நடுவில் ஏழு நொடி சும்மா நின்று பார்த்தது. அந்த அமைதிதான் அந்தத் தட்டின் புகழ். அதற்குள் விழுந்த ஒற்றைக் கைதான் அதன் கறை என்பது ரியோஹே கட்சி.

அந்தக் கை மிசாவோவுடையது.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. கணக்குப் போடப் பழகும் மணிச்சட்ட வகுப்புக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, பள்ளிச் சீருடையிலேயே மண்டபத்துக்குப் போனார். கையில் மெலன் சோடா. பாட்டு சட்டென்று நின்றது. ஒசாகாவில் மேடையில் ஒருவர் பேச்சை நிறுத்திப் பார்த்தால், கீழே இருப்பவர் ஏதாவது செய்தாக வேண்டும். சிரிக்கலாம், திட்டலாம், சும்மா மட்டும் இருக்கக் கூடாது. இங்கே நான்கு பேர் கடல் தாண்டி வந்து, வாசித்து நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மூவாயிரம் பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாவம், நமக்குப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்துக்கொள்வார்கள்? அவர் கை அவரைக் கேட்காமல் தட்டிவிட்டது. ஒரு தட்டிலேயே தப்பு புரிந்து, இரண்டாவது தட்டு பாதியில் நின்றது. சுற்றி இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. மீதிக் கச்சேரியை அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே கழித்தார்.

இசைத்தட்டு வெளிவந்தபோது தோழி வீட்டில் கேட்டார். முதலில் குளியலறைக்குள் போய் அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலாந்தில், அமெரிக்காவில், முன்பின் தெரியாத வீடுகளில் எல்லாம் தன் கை கேட்கிறது என்ற நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் மணிச்சட்டம் முதுகில் விளையாடும்.

பிறகு 1982-இல் பெண் பார்க்க வந்தார் ரியோஹே. தரகர் அம்மாள் இருவரையும் காப்பிக் கடையில் விட்டுவிட்டு நாகரிகமாக எழுந்து போனார். கால் மணி நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, இசை பற்றிக் கேட்டதும் உயிர் பெற்றார். டின் ஹார்பர் தட்டைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். கடைசியில், “அந்தக் கைதட்டின ஆளை மட்டும் என் வாழ்நாள்ல ஒரு தடவை பாத்துடணும்” என்றார். பார்த்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார் பெண். “அறிவிருக்கான்னு கேப்பேன்.” மிசாவோ காப்பியில் நான்காவது கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். இவ்வளவு மும்முரமாக ஒன்றை நேசிக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று அவருக்குப் பட்டது. ஆளை விட்டுவிட மனமில்லை. அதனால் உண்மையை விட்டார்.

விட்டது அப்படியே நாற்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இதற்கிடையில் ரியோஹே அந்தக் கைக்கு ஒரு வாழ்க்கை வரலாறே எழுதிவிட்டார். “ஆம்பளை. வயசு முப்பதுக்கு மேல. உள்ளங்கை தடிப்பு, சுமை தூக்கறவனா இருக்கணும். ரெண்டு பீர் உள்ள போயிருக்கு.”

“மூணு இருக்காதா?” என்பார் மிசாவோ, கல்லைச் சுரண்டிக்கொண்டே.

“ரெண்டுதான். மூணுன்னா தாளம் இன்னும் கோணியிருக்கும்.”

பக்கத்து வண்டி நிறுத்தத்து டாக்ஸிக்காரர் நிஷிவாகி ஒரு நாள் செய்தி கொண்டுவந்தார். வண்டியில் ஏறிய வெளிநாட்டுப் பயணி ஒருவர் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தாராம். சரியாக அந்த இடம் வந்ததும் தானும் ஒரு தட்டு தட்டினாராம். அவர் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். “உலகம் கெட்டுப்போச்சு” என்றார் ரியோஹே. மிசாவோ அன்று நிஷிவாகிக்குக் கேட்காமலேயே ஒரு முட்டை கூடுதலாக உடைத்து ஊற்றினார்.

போன மாதம், ஐம்பதாவது ஆண்டு என்று புதிய பதிப்பு போட்டார்கள். பழைய நாடாவை இயந்திரத்தில் கொடுத்து, இருமல், தும்மல், நாற்காலிக் கிரீச்சு எல்லாவற்றையும் துடைத்திருப்பதாக விளம்பரம். ரியோஹே ஆறு மாதம் முன்பே ஒரு பிரதிக்குப் பணம் கட்டி வைத்திருந்தார்.

“அந்தக் கையையுமா எடுத்துடுவாங்க?” என்று மிசாவோ கேட்டார்.

“இப்ப இருக்கிற மெஷின் எச்சில் முழுங்கற சத்தத்தைக்கூட எடுத்துடும்” என்றார் ரியோஹே, தன் கையாலேயே எடுக்கப் போகிறவர் மாதிரி.

அந்த வாரம் மிசாவோ மாவில் இரண்டு தடவை உப்பு போட்டார். வாடிக்கையாளர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கணவரிடம் இப்போது சொன்னால், இத்தனை வருடமும் அவரைத் திட்டவிட்டு வேடிக்கை பார்த்ததாக ஆகும். சொல்லாமல் விட்டால், அந்தச் சீருடைப் பெண் தட்டிலிருந்து சத்தமில்லாமல் துடைக்கப்பட்டுப் போவாள். அவள் அங்கே இருந்தாள் என்று சொல்ல ஆளே இருக்காது. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ரியோஹே குளித்துவிட்டு வந்து உறையைப் பிரித்தார். சாட்சிக்கு நிஷிவாகி, பணி நேரம் என்பதால் அவர் கையில் பார்லித் தேநீர். இரண்டாம் பக்கம் ஓடியது. மூன்றாவது பாட்டு வந்து, கிடார் இறங்கியது. மிசாவோவுக்கு அன்று குளிர்பதனப் பெட்டி ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டு தோசைத்திருப்பிகளையும் பிடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் அப்படியே நின்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது நொடியில் ரியோஹேயின் நாக்கு பழக்கத்தில் சொடுக்கிவிட்டது. “தடி...” என்று ஆரம்பித்து, திட்ட ஆளில்லாமல் வாயை மூடிக்கொண்டார். மீதி மூன்று நொடியும் முழுசாக ஓடின. டிரம்ஸ் இடித்தது.

“கேட்டியா? ஒரு தூசி இல்ல” என்றார் ரியோஹே. குரலில் அவர் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

“ஆமாண்ணே” என்றார் நிஷிவாகி.

“என்ன ஆமாம்? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்ட மாதிரி இருந்துது. யாராவது வந்து தட்ட மாட்டாங்களான்னு தோணிச்சு, அவ்வளவுதான்.”

மிசாவோ தோசைத்திருப்பிகளைக் கீழே வைத்தார். “அங்க ஒரு கை இருந்துதுங்க.”

“அதைத்தான் எடுத்துட்டாங்கன்னு சொல்றேனே.”

“யாரைக் கேட்டு எடுத்தாங்க?”

“யாரைக் கேக்கணும்? அந்தத் தடியன் முகவரி எவன்கிட்ட இருக்கு?”

“இதான் முகவரி. கியோபாஷி, ரயில் பாலத்தடி, எட்டு முக்காலிக் கடை” என்று மிசாவோ மாவு அப்பிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

தலைக்கு மேல் ரயில் ஒன்று முழுசாகப் போய் முடிந்தது. நிஷிவாகி வாய்க்குக் கொண்டுபோன ஒகோனோமியாகித் துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

“அது ஆம்பளை” என்றார் ரியோஹே.

“பதினேழு வயசுப் பொண்ணு. மணிச்சட்ட வகுப்புன்னு அப்பாகிட்ட பொய் சொல்லிட்டு வந்தவ.”

“ரெண்டு பீர்...”

“மெலன் சோடா.”

ரியோஹே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “நாப்பத்து மூணு வருஷமா...”

“நாப்பத்து மூணு வருஷமா யாரைத் திட்டினீங்களோ அவ கையால சுட்டதைத்தான் தின்னுக்கிட்டிருக்கீங்க. திட்டுங்க, அதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோகல. வாரா வாரம் ஞாபகம் வெச்சுத் திட்ட ஒரு ஆளாவது இருக்காரேன்னுதான் இருந்துது. இப்ப ஒரேயடியா இல்லாம பண்ணிட்டாங்களே. அந்தப் பொண்ணு அங்கதாங்க இருந்தா.”  மிசாவோ எண்ணெய்ப் புட்டியை எடுத்து, தேவையில்லாமல் கல்லில் ஊற்றினார்.

ரியோஹே எழுந்து பாட்டை நிறுத்தினார். “ஒரு தடவை தட்டு” என்றார்.

மிசாவோ இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார். ரியோஹே கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். லிஃப்ட் குழியின் ஓரத்தில் நிற்கும்போதும் அவர் அப்படித்தான் நிற்பார்.

“மாவு இருக்கு. கழுவிட்டு வந்து தட்டு.”

கழுவிவிட்டு வந்து தட்டினார். ரியோஹேயின் காது மடல்கள் மெல்லச் சிவந்தன. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“எங்க உக்காந்திருந்த?”

“கீழ. மேடையைப் பாத்து இடது பக்கம், பதினோராவது வரிசை.”

“இடது பக்கம்” என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பழைய தட்டில் அந்தக் கை இடப்பக்க ஒலிபெருக்கியில்தான், கொஞ்சம் உள்வாங்கிக் கேட்கும். அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

“உள்ளங்கை தடிப்புன்னு சொன்னது மட்டும் சரிதான்” என்றார். நிஷிவாகி தேநீரைத் துப்பிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். மிசாவோவுக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை.

ரியோஹே புதிய தட்டைத் திரும்பச் சுழலவிட்டார். ஊசியைக் கிடார் இறங்கத் தொடங்கும் இடத்துக்கு நேரே கொண்டுவந்து, தட்டைத் தொடாமல் உயரத்திலேயே நிறுத்தினார். பிறகு தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் இடப்பக்க ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போட்டார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. ஒரு சாண் பின்னால் இழுத்தார். யோசித்து, இன்னும் ஒரு விரற்கடை இழுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முக்காலியைத் துடைத்துவிட்டு, மனைவியைப் பார்த்துத் தலையசைத்துக் கூப்பிட்டார். “நாலாவது நொடி” என்றார்.