காகிதப்பூவுக்கு ஒரு ராகம்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் சும்மா கிடந்த ஒரு மண்டபத்தில், திருவண்ணாமலை செங்கம் சாலையில், பள்ளிகளுக்கு இடையே ஆங்கில ஸ்பெல்லிங் போட்டி வைத்திருந்தார்கள். சொல்லைக் கேட்டு, எழுத்து எழுத்தாக மைக்கில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மேடையை விட்டு இறங்க வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து படித்த தமிழ் மீடியப் பெண்.

எங்கள் பள்ளியை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் ஆங்கில டீச்சர் நடையாய் நடந்து ஓர் இடம் வாங்கினார். “தமிழ் மீடியமா? இந்த ஒரு வாட்டி வரட்டும், பாக்கலாம்” என்றார்களாம். அந்தப் ‘பாக்கலாம்’ டீச்சரின் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

“மொத சுத்துலயே நீ எறங்கிட்டன்னா, அடுத்த வருஷம் நம்ம பொண்ணுங்கள உள்ளயே விட மாட்டாங்கடி.”

நான் படித்த விதம் வேறு. வாய்ப்பாட்டை எப்படிப் பாடினோமோ அப்படித்தான் எங்களுக்கு ஸ்பெல்லிங்கும்: இழுத்து, ஏற்றி, இறக்கி, உடம்பு முன்னும் பின்னும் ஆட. போட்டிக்காரர்கள் முன்கூட்டியே கொடுத்திருந்த சொற்களை எல்லாம் பஸ்ஸில்தான் பாடிப் பாடி ஏற்றினேன். கதவோரம் கூடையோடு உட்காரும் பூக்காரம்மாதான் என் முதல் ரசிகை.

“இன்னா பாப்பா, இன்னிக்கு இன்னா பாட்டு?”

“போகன்வில்லாங்க.”

“அப்டின்னா?”

“காகிதப்பூ.”

“அடப்பாவமே! மொழம் போடக்கூட ஆவாத பூவு, அதுக்கா இம்மா நீளம்? எங்க மல்லிக்கு இன்னா கொறச்சலாம்?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்: “ஏபிசிடிக்கெல்லாம் டிக்கெட் எடுத்தாச்சா? ஒவ்வொண்ணும் தனி ஆளு.”

டீச்சருக்கு மட்டும் அந்த ராகம் பிடிக்கவில்லை. “அங்க போய் வாய்ப்பாடு ஒப்பிக்காத. சிரிப்பாங்க. நேரா நில்லு, ஆடாத, ஒவ்வொரு எழுத்தா அழுத்திச் சொல்லு.” சரிங்க டீச்சர் என்றேன். டீச்சர் சொல் கேட்பதில் நான் கெட்டிக்காரி.

மணமேடையில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தின் ஜிகினாத் துணுக்குகள் தரையில் மின்னின. டை கட்டிய பிள்ளைகள், பளபளக்கும் ஷூக்கள், அவர்களுக்கு நடுவில் எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட நான். என் முறை வந்தது. நடுவர் கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார்.

போகன்வில்லா.

எனக்கா தெரியாது! நேராக நின்றேன். ஆடவில்லை. அழுத்திச் சொன்னேன்: “பி. ஓ. யு.” அவ்வளவுதான். அடுத்த எழுத்து வரவில்லை. ராகத்தைப் பிடுங்கியதும் எழுத்துகள் நூலறுந்த மணிகளாய் உருண்டோடிவிட்டன. பின்வரிசையில் யாரோ “தமிழ் மீடியம்” என்று முணுமுணுத்தது மைக்கில் பேசியது போல் எனக்குக் கேட்டது. அடுத்த வருஷத்துப் பெண்கள் எல்லாரும் மண்டப வாசலில் நிற்பது போலவும், என் கையாலேயே நான் கதவைச் சாத்துவது போலவும் இருந்தது.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். “சார், ராகமா சொல்லலாமாங்க?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையில் டீச்சர் எழுந்து நின்றார். ஆடாதே, பாடாதே என்று சொன்ன அதே டீச்சர்.

“அவ அப்படித்தாங்க சார் படிச்சா. அப்படியே சொல்லட்டும்.”

நடுவர் விதிகள் இருந்த தாளைப் புரட்டினார். “சொன்ன எழுத்த மாத்தக் கூடாது, மொதல்லேர்ந்து திரும்பச் சொல்லலாம். ராகத்தப் பத்தி இதுல ஒண்ணுமில்ல. பாடும்மா.”

கண்ணை மூடினேன். பஸ் குலுங்கியது. உடம்பு தானாக ஆடியது. பி ஓ யு என்று ஏறி, ஜி ஏ ஐ என்று வளைந்து, என் வி ஐ என்று இறங்கி, எல் எல் என்று இரட்டைப் பள்ளத்தில் குதித்து, இ ஏ என்று ஸ்டாப்பிங்கில் நின்றேன். கண்ணைத் திறந்தபோது சிரித்த வாய்கள் இன்னும் மூடவில்லை. சத்தம் மட்டும் இல்லை.

“சரி!” என்றார் நடுவர்.

அதற்குப் பிறகு என்னை யார் பிடிப்பது? ஒவ்வொரு சுற்றிலும் பாடினேன். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. நடுவர் அதட்டி நிறுத்தினார். ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் நானும் ஒரு டை கட்டிய பையனும் மிஞ்சினோம். அவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். அதே சொல்லை நான் பாடி முடித்தேன், அடுத்ததையும் பாடினேன், கோப்பை என் கையில். “உன் ட்யூன் என் மண்டையிலயே ஓடுது” என்று அவன் பாதி அழுகையிலும் சிரித்தபடி கை கொடுத்தான்.

டீச்சர் மேடைக்கு வந்து, போட்டி நடத்தியவர்களைப் பார்த்து, “அடுத்த வருஷம் ரெண்டு இடம் வேணும்ங்க” என்றார். கொடுத்தார்கள்.

சாயங்கால பஸ்ஸில் கோப்பையோடு ஏறினேன். காலிக் கூடையோடு பூக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“ஜெயிச்சுட்டியா? எதுல?”

“காகிதப்பூவுலதாங்க.”

“அப்ப எடுடி அந்தப் பாட்ட!”

நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். பி ஓ யு. கடலைக்கொட்டை மூட்டைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், கண்டக்டர் விசிலால் தாளம் போட்டார். ஊர் வரும்வரை அந்தப் பஸ் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பாடிக்கொண்டே போனது, மலை எங்களுக்குப் பின்னால் மெல்லச் சிறுத்துக்கொண்டே வந்தது.

இன்றைக்கும் எந்த ஊர்க் காம்பவுண்டுச் சுவரில் காகிதப்பூவைக் கண்டாலும் என் உடம்பு லேசாக ஆடிவிடுகிறது. எனக்கு வந்த வழியில் சொல்லலாமா என்று அன்று ஒரே ஒருமுறை கேட்டேன், அதன்பிறகு வாழ்க்கையில் எந்த மேடையிலும் அதற்கு நான் அனுமதி கேட்டதே இல்லை.